எழுதிய சொல் எதிர்நிற்கும்!

செஞ்சிக் கோட்டைக்கு வாயிருந்தால் எத்தனை பேருடைய கதையை அது சொல்லும்! 1677இல் சிவாசியின் கைக்கு வந்தது அக்கோட்டை. 1690இல் மொகலாயப் படை அதனை முற்றுகையிட்டது. ஏழாண்டுகளுக்கு மேல் காத்துக் கிடந்து 1698இல் கைப்பற்றியது. 1714இல் அதன் பொருட்டு உயிர் நீத்தான் தேசிங்கு. 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் அதன்மீது தத்தம் கொடியை ஏற்றினர். ஏறிய கொடிகள் எல்லாம் இறங்கின. 2025 சூலைத் திங்களில், மராத்தியர் வரலாற்றோடு இணைந்த பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக, உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது.

அந்தக் கோட்டைக்கு, வல்லத்திலிருந்து மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். கலியாண மகாலின் சுவரோரம் ஒரு மாணவன் ஆணி ஒன்றை எடுத்துத் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். கையைப் பிடித்துத் தடுத்தேன். "கல்லில் கீறியது அழியாது, தம்பி! பின்னால் வருகிறவர்கள் உன் பெயரைப் படிப்பார்கள், பாராட்ட மாட்டார்கள், பழிப்பார்கள்" என்றேன். அவன் தலைகுனிந்தான். எனக்கோ, நல்ல பாடம் நடத்திவிட்டோம் என்ற நிறைவு.

அந்த நிறைவு ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. மாலையில் படிப்பகத்தில் அமர்ந்திருந்தேன். அதே மாணவன் வந்தான்; கைப்பேசியை என்முன் நீட்டினான்.

"ஐயா, கல்லில் கீறினால் பின்னால் வருகிறவர்கள் பழிப்பார்கள் என்றீர்களே, இதைக் கீறியவர் யார்?"

பார்த்தேன். முகநூலில் நான் என் பதினேழாம் வயதில் இட்ட பதிவு. வாள் ஒன்றின் படம். அதன் கீழே என் சாதியின் பெயர். 'ஆண்ட பரம்பரை' என்ற ஆர்ப்பரிப்பு. அதற்கும் கீழே, சேரியில் வாழும் மக்களை எள்ளி நகையாடும் ஒரு வரி. கேட்ட மாணவன் அந்தத் தெருவின் பிள்ளை.

மறுக்க வழியில்லை. பெயர் என்னுடையது, முகம் என்னுடையது, சொல்லும் என்னுடையதே. கல்லூரியில் பயின்ற காலத்தே பகுத்தறிவு ஏடுகளைப் படித்தேன்; சாதிப் பெருமை என்பது பொய்ம்மையின் மறுபெயர் என உணர்ந்தேன்; சாதி ஒழிப்பு மேடைகளில் பேசினேன்; வகுப்பறையிலும் அதையே கற்பிக்கிறேன். ஆயினும் அந்தப் பழைய பதிவு, நான் மறந்துபோன பின்னரும் என்னை மறவாமல், ஒரு மூலையில் காத்திருந்திருக்கிறது!

எழுதிய சொல்லுக்கு, எழுதியவன் எத்தனை காலம் கடன்பட்டவன்? அன்றிரவு முழுதும் என்னை உறங்கவிடாத கேள்வி இது. வரலாறு பயின்றவன் நான். ஆகவே வரலாற்றினிடமே விடை தேடினேன்.

தேசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானை எதிர்த்துக் களத்தில் மாண்ட இளைஞன் அவன். ஆண்ட காலம் சிறிது. அவன் சினத்தில் என்ன பேசினான், யாரை இகழ்ந்தான், எவரிடம் தவறாக நடந்தான் என்பது எதுவும் நமக்குத் தெரியாது. களத்தில் காட்டிய துணிவை மட்டும் மக்கள் கதைப்பாடலாக்கிக் கொண்டனர், மற்றவற்றை மறந்தனர். மனித நினைவு சல்லடை போன்றது. சிலவற்றைத் தங்கவிடும், பலவற்றை ஒழுகவிடும். அக்காலத்தில் அழியாத எழுத்து யாருக்கு உரிமையாக இருந்தது? கல்வெட்டும் செப்பேடும் வேந்தர்க்கும் கோயிலார்க்கும் உரியவை. உழுதவன் சொல்லும், நெய்தவள் சொல்லும் காற்றோடு கலந்தன. புகழும் அவர்களுக்கு நிலைக்கவில்லை, பழியும் நிலைக்கவில்லை.

அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளையை எண்ணினேன். புதுவையில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கியவர். 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டு காலம் நாட்குறிப்பு எழுதினார். தமக்கென எழுதியது அது. ஊர் படிக்க எழுதியதன்று. அவர் மறைந்தார், ஏடுகள் உறங்கின. 1846இல் அவை கண்டெடுக்கப்பட்டன. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியாயின. தென்னாட்டு வரலாற்றுக்குக் கிடைத்த கருவூலம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கருவூலத்துக்குள் அவருடைய பொறாமைகளும், பகைகளும், அக்காலத்துச் சாதிப் பார்வையும் சேர்ந்தே கிடக்கின்றன. இன்று எவர் வேண்டுமானாலும் அவற்றைப் படித்து அவரை எடைபோடலாம். எனினும், அவ்வெழுத்து ஊராரின் கண்ணில் பட்டபோது அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பதவிக்கோ வாழ்வுக்கோ அதனால் இடர் நேரவில்லை.

அச்சு எந்திரம் பரவிய பிறகு நிலைமை மாறியது. வாழும்போதே ஒருவனுடைய பழைய எழுத்தை அவன்முன் நிறுத்த முடிந்தது. பகுத்தறிவாளர் எவரும் மறக்கவொண்ணாத சான்று ஒன்றுண்டு. 1940இல் நியூயார்க் நகரக் கல்லூரியில் மெய்யியல் கற்பிக்கப் பெர்ட்ரண்டு ரசல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கற்பிக்க இருந்தவை அளவையியலும் கணித மெய்யியலும். ஆனால் 1929இல் திருமணம், ஒழுக்கம் பற்றி அவர் எழுதிய நூலை மதவாதிகள் தோண்டியெடுத்தனர். வழக்கு மன்றம் ஏறிற்று. அறநெறிக்கு ஊறு விளைவிப்பவர் எனக் கூறி, 1940 மார்ச்சு 30ஆம் நாள் அந்தப் பதவி நியமனத்தை நீதிபதி ரத்துச் செய்தார். பத்தாண்டு கழிந்தது, 1950இல் அதே ரசலுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது! பழைய எழுத்தைத் தோண்டுகிறவன் எல்லாம் நீதியைத் தேடித் தோண்டுவதில்லை. வேண்டாதவனைப் புதைக்கக் குழி தோண்டுகிறவனும் உண்டு என்பதற்கு இது சான்று.

இங்கும் அத்தகைய காட்சி நிகழாமல் இல்லை. 'ஆரிய மாயை' எழுதியமைக்காக 1950இல் அண்ணா தண்டிக்கப்பட்டார், சிறை சென்றார். அந்த எழுத்தை அவர் மறைக்கவில்லை, மக்களும் மறக்கவில்லை. அறிந்தே 1967இல் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தனர். தாமே பல்லாண்டு முழங்கிய நாட்டுப் பிரிவினைக் கோரிக்கையை 1963இல் அவர் கைவிட்டார். பழைய பேச்சுகளை எடுத்துக் காட்டி எதிரிகள் எள்ளினர். அப்படி நான் பேசவே இல்லை என்று அவர் சொன்னாரா? இல்லை. பேசியதை ஒப்புக்கொண்டார், மாறியதற்குக் காரணம் கூறினார். அவரை எதிர்த்தவரும் அந்தக் காரணத்தோடு வாதிட முடிந்தது. பொதுவாழ்வில் மாற்றம் என்பது அவ்வாறு வெட்டவெளியில் நிகழவேண்டும்.

இன்றைய நிலைக்கு வருவோம். இன்று கல்வெட்டு வேண்டா, அச்சகம் வேண்டா. பத்தாம் வகுப்பு மாணவனின் சட்டைப்பையில் அச்சகமும் இருக்கிறது, ஆவணக் காப்பகமும் இருக்கிறது. வேந்தனுக்கே உரியதாயிருந்த அழியாத எழுத்து, உழவன் மகனுக்கும் வந்துவிட்டது. மகிழத்தக்க மாற்றமே! ஆனால் எழுதுகிற உரிமை எல்லாருக்கும் வந்ததுபோல, தேடி எடுத்துத் தாக்குகிற வலிமையும் எல்லாருக்கும் ஒப்ப வந்ததா? ஆள்பலம் உடையவனிடமும், அதிகாரம் உடையவனிடமுமே அது மிகுந்து கிடக்கிறது.

2013 ஏப்பிரலில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 17 வயதுப் பெண் ஒருத்தி, காவல்துறைக்கும் இளைஞருக்கும் இடையே பாலமாக இருக்கும் பொறுப்புக்கு அமர்த்தப்பட்டாள். 14 முதல் 16 வயதுக்குள் அவள் ட்விட்டரில் எழுதியவற்றை நாளேடு ஒன்று வெளியிட்டது. சில நாட்களில் அவள் பதவி விலகினாள். 2021 பிப்ரவரியில், ஆக்சுபோர்டு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராகக் கருநாடகத்தைச் சேர்ந்த ரசுமி சாமந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். இன இழிவு தொனிக்கும் அவருடைய பழைய பதிவுகள் சில நாட்களிலேயே வெளிப்பட்டன, மன்னிப்புக் கேட்டார், விலகினார். பின்னர் அவருடைய மதத்தையும் ஊரையும் குறித்து இணையத்தில் வசைகள் எழுந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு கேள்வி. ஒருவருடைய சொல்லைக் கண்டிப்பது வேறு. பிறப்பைக் கொண்டு இகழ்வது வேறு. இரண்டாவதைச் செய்கிறவனுக்கு முதலாவதைச் செய்யும் தகுதி போய்விடுகிறது.

இவ்விருவரும் பதவியைத்தான் இழந்தனர். சிறையே காணவேண்டி வந்தவர் முகம்மது சுபைர். பொய்ச் செய்திகளை ஆராய்ந்து வெளிப்படுத்தும் பணியில் இருப்பவர் அவர். 1983இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ஒன்றின் காட்சியை எடுத்து 2018இல் ஒரு பதிவு இட்டிருந்தார். நான்கு ஆண்டுகள் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022 சூன் 27ஆம் நாள் தில்லிக் காவல்துறை அதற்காக அவரைக் கைது செய்தது. பிற வழக்குகளும் சேர்ந்தன. சூலை 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிணை வழங்கிய பிறகே வெளியே வந்தார். நான்காண்டு தூங்கிய பதிவு திடுமென விழித்தது ஏன்? பதிவு விழிக்கவில்லை, தோழர்களே, எழுப்பப்பட்டது!

ஆகவே சிலர் கூறுகின்றனர்: "பழையதைத் தோண்டாதீர்; எல்லாவற்றையும் மறந்துவிடுவோம்." சட்டமும் அத்திசையில் சில அடிகள் வைத்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டவர் ஒருவர், 1998இல் நாளேட்டில் வந்த தம் கடன் பற்றிய அறிவிப்பு, கடன் தீர்ந்த பிறகும் கூகுளில் தோன்றுகிறதே என முறையிட்டார். 2014 மே 13ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பதினெட்டு நிரம்பாதவர் தாம் இட்ட பதிவை நீக்கக் கோரும் உரிமை 2015 முதல் நடப்பில் உள்ளது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகத்து 24ஆம் நாள், தனிமறைவு அடிப்படை உரிமையே என்றனர். அத்தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிசன் கவுல், மனிதர் மறப்பர், இணையம் மறவாது என்பதைச் சுட்டி, வளர்ந்து மாறும் உரிமையை மாந்தர்க்கு மறுக்கலாகாது எனக் கருத்துரைத்தார்.

தமிழ்நாட்டிலேயே வழக்கொன்று எழுந்தது. குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்ட ஒருவர், தீர்ப்பிலுள்ள தம் பெயரை மறைக்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் மறுத்தது. மதுரைக் கிளையின் இரு நீதிபதி அமர்வு 2024 பிப்ரவரியில் இசைந்தது. உச்ச நீதிமன்றம் 2024 சூலையில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தனியொருவனின் நிம்மதி ஒருபுறம்; ஊர் அறியவேண்டிய உண்மை மறுபுறம். நீதிமன்றங்களுக்கே இது எளிய கணக்காக இல்லை.

அரசுப் பணியை நாடும் இளைஞர் அறியவேண்டிய தீர்ப்பு ஒன்றும் உண்டு. 2016இல் அவதார் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், பணிக்கு முந்திய நடத்தை ஆய்வில் பழைய வழக்குகளை மறைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் நெறிகள் வகுத்தது. இளமையில் முழக்கமிட்டது போன்ற சிறு நிகழ்ச்சிகளை மறைத்திருந்தாலும், பணியளிப்போர் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. முழக்கமிட்ட வாயெல்லாம் வேலைக்குத் தகாத வாயன்று என அறமன்றமே உரைத்தது!

இவ்வளவும் அறிந்த பிறகு, என் கேள்விக்கு விடை கிடைத்ததா? "அன்று நான் சிறுவன், சட்டமும் என் பக்கம்" என்று சொல்லிப் பதிவைத் துடைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். உறக்கம் வரவில்லை. ஏன்?

நாம் யார்? பழைய ஏடுகளைத் தோண்டியெடுத்து, "இதோ, இந்த வரி மனிதனை மனிதன் தீண்டலாகாது என்கிறது, இந்த வரி பெண்ணுக்கு உரிமை இல்லை என்கிறது" என ஊரறியக் காட்டியவர்களின் வழி வந்தவர்கள். "பழையதுதானே, விட்டுவிடுங்கள்" என்று வைதிகர் சொன்னபோது நாம் விட்டோமா? அந்த வரி இன்றும் ஒருவனைக் குத்துகிறது என்றோம். ஆகவே அது பழையதன்று என்றோம். மனுவின் சொல்லுக்கு ஒரு நீதி, என் சொல்லுக்கு ஒரு நீதியா? என் பதிவு எனக்குப் பழையது. அன்று மாலை அதைக் கண்ட அந்த மாணவனுக்கு, அது அன்று எழுதியது!

எனவே மறதியும் மருந்தன்று. மாறாத பழியும் மருந்தன்று. அறிவைக் கொண்டு நிறுப்பதே வழி. ஒரு பழைய சொல் நம்முன் வரும்போது நான்கு கேள்விகள் கேட்போம். எழுதியவனுக்கு அப்போது வயது என்ன? அந்தச் சொல் வலியவனை நோக்கியதா, எளியவனை நோக்கியதா? எழுதியவன் அதன் பின்னர் மாறினானா. மாறியதைச் சொல்லாலன்றிச் செயலாலும் காட்டினானா? இன்று அதைத் தோண்டுகிறவன் யார். புண்பட்டவனா, புதைக்க வந்தவனா? பதினான்கு வயதுச் சிறுமியின் பிதற்றலையும், நாற்பது வயது நாடாளுமன்ற உறுப்பினனின் சாதி வெறியையும் ஒரே தட்டில் வைப்பவன் நீதி அறியாதவன். ஆள்வோனைக் கேலி செய்த சொல்லும், அடிமைப்பட்டோனைக் கேலி செய்த சொல்லும் எடையில் ஒன்றல்ல. முன்னது சில வேளை துணிவு. பின்னது எப்போதும் கோழைத்தனம்.

காந்தியாரையே பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் ஆப்பிரிக்க மக்களைத் தாழ்த்தி அவர் எழுதியவை உண்டு. பிற்காலத்தில் அவர் பார்வை விரிந்தது. தம் எழுத்துகளில் முரண் கண்டால் பிந்தியதையே கொள்ளுங்கள் என அவரே கூறினார். ஆயினும், 2016இல் கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட அவர் சிலை, அந்தப் பழைய எழுத்துகளின் காரணமாக எழுந்த எதிர்ப்பால் 2018 திசம்பரில் அகற்றப்பட்டது. மாறினார் என்பதும் உண்மை. எழுதினார் என்பதும் உண்மை. ஓர் உண்மையைக் காட்டி மற்றோர் உண்மையை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. புண்பட்ட மக்கள், "உங்கள் மாற்றத்தை மதிக்கிறோம்; ஆனால் எங்கள் முற்றத்தில் சிலை வேண்டா" என்று சொல்வார்களானால், அது அவர்கள் உரிமை.

நான் செய்தது இது. மறுநாள் வகுப்பில் எல்லா மாணவர் முன்னிலையிலும் எழுந்து நின்றேன். "சாதியைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்துகிற நான், பதினேழாம் வயதில் இப்படி எழுதினேன். அது பொய், அது இழிவு. எவர் சொல்லி எழுதினேன் என்று பிறர்மேல் பழி போடமாட்டேன். எழுதியவன் நானே" என்றேன். பிறகு அந்தப் படத்தை நீக்கினேன். அது நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் யாரையோ குத்திக்கொண்டிருக்கும். ஆனால் இடத்தை வெறுமையாக விடவில்லை. என்ன எழுதியிருந்தேன், ஏன் தவறு, எப்போது உணர்ந்தேன் என்பதை அங்கேயே என் பெயரோடு எழுதி வைத்தேன். உறவினர் சிலர் சீறினர். "ஊரில் தலைகாட்ட முடியாமல் செய்துவிட்டாயே!" என்றனர். நாளை நான் எந்தப் பொறுப்புக்கு வந்தாலும் எவரேனும் அதை எடுத்துக் காட்டலாம். காட்டட்டும். காட்டுகிறவனுக்கு முன்பே நான் காட்டிவிட்டேன்.

அந்த மாணவன் என்ன சொன்னான் என்று கேட்பீர்கள். "மன்னித்தேன்" என்று அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடனும் அவனுக்கில்லை. மாலையில் வழக்கம்போல் படிப்பகத்துக்கு வந்தான், ஏட்டை எடுத்தான், படித்தான். எனக்கு அது போதும்.

இளந்தோழனே! "எழுதினால் வம்பு, நாளை வேலை கிடைக்காது, ஆகவே வாய்மூடி இரு" என்று உனக்குப் போதிக்க நான் வரவில்லை. அந்தப் போதனைதான் ஆதிக்கக்காரன் விரும்புவது. செஞ்சிக்கு அண்மையிலுள்ள புதுவையிலேயே, ட்விட்டரில் எழுதிய சில சொற்களுக்காக 2012இல் ஒருவர் கைதானார். அந்தக் கைதுக்குத் துணைநின்ற 66அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு 24ஆம் நாள் செல்லாது என வீழ்த்தியது. அஞ்சாமல் எழுதியவர்களும், அஞ்சாமல் வழக்காடியவர்களும் ஈட்டித் தந்த உரிமை அது. ஆகவே எழுது! கொடுமையைக் கண்டால் எழுது. மூடத்தனத்தைக் கண்டால் எழுது. ஆட்சியின் தவறைக் கண்டால் பெயரிட்டு எழுது. ஆனால் பிறப்பைச் சொல்லி எவரையும் இகழாதே. பெண்ணை இழித்து நகைக்காதே. ஆராயாமல் பிறன் நஞ்சை உன் கையால் பரப்பாதே. பத்தாண்டுக்குப் பின் ஒரு மாணவன் உன் முன்வந்து, "இதை எழுதியவர் யார்?" என்று கேட்கும்போது, "நானே!" என்று நிமிர்ந்து சொல்லத்தக்கதை எழுது. தவறி எழுதிவிட்டாயா? அப்போதும் "நானே" என்று சொல். அடுத்த சொல்லைத் திருத்தி எழுது.

கோட்டைகளைக் கைப்பற்றியவர் பலர். தம் பிழையைத் தாமே கைப்பற்றியவர் சிலர். அந்தச் சிலருள் ஒருவனாக நீ இரு!